அரக்கு வைத்த கடிதம்

விழுந்தது எனக்கு நினைவில்லை. விழுவதற்கு முன் நாக்கில் வந்த சுவை மட்டும் நினைவிருக்கிறது. செப்புக் காசை வாயில் போட்டு அடக்கிக்கொண்டது போல ஒரு சுவை. அதற்குப் பிறகு நான் பார்த்தது கோயில் பின்னறையின் ஓட்டுக்கூரையை. பூசை உடுப்புகள் வைத்திருக்கும் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் மல்லாந்து கிடந்தேன். கையில் ஏதோ கனத்தது. கோயில் சாவிக்கொத்து. என் விரல்களை அதன் மேல் மடக்கி, தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தபடி பங்குச் சாமியார் பக்கத்தில் முழங்காலில் இருந்தார்.

அவர் பிரான்சிலிருந்து வந்தவர். காரைக்காலுக்கு வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்று அவர் படித்த எந்தக் குருமடத்திலும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊர்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. சாவியைப் பார்த்ததுமே எனக்கு என்ன நடந்தது என்று விளங்கிவிட்டது.

"எந்திரிக்காதீங்க. அப்படியே இருங்க," என்றார். அவர் யாரையும் நீ என்று சொன்னதில்லை. ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்த கைக்குழந்தையைக்கூட ‘அழாதீங்க’ என்பார்.

"எவ்வளவு நேரம் சாமி?"

கொஞ்சம் யோசித்தார். "ஐம்பதாம் சங்கீதத்த ஒருதடவ முழுசா சொன்னேன். ரெண்டாந்தடவ பாதியில நீங்க கண்ணு முழிச்சிட்டீங்க."

"யாராவது பாத்தாங்களா?"

"நான் பாத்தேன்," என்றார். சாவிக்கொத்தை என் கையிலிருந்து எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இன்னைக்குப் பூசைக்கு உதவி வேணாம். பின்பக்கமா வீட்டுக்குப் போங்க. மோர் குடிச்சிட்டுப் படுங்க."

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ஐம்பதுகளின் தொடக்கம். பெரிய குருமடத்தில் தத்துவம் முடித்து, இன்று இறையியல் என்று சொல்லும் தேவசாஸ்திரத்தில் நாலு வருடங்களில் மூன்று முடிந்திருந்தது. இன்னும் ஒரு வருடம் போனால் குருப்பட்டம் வாங்கி நானும் சாமியார் ஆவேன். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். விடுமுறை என்று பேர்தானே ஒழிய, குருமாணவனுக்கு அது இன்னொரு வகுப்பு. தினமும் விடிந்ததும் கோயிலில் நிற்க வேண்டும், சாமியாருக்குப் பூசையில் உதவ வேண்டும், சினிமாக் கொட்டகை இருக்கும் தெருப் பக்கம்கூடப் போகக் கூடாது. அவர் பார்த்துக்கொண்டிருப்பார். என் அம்மா தன் மகன் வைக்கப்போகும் முதல் பூசைக்கு வெள்ளை மேலாடையில் ஓர் அகல ஓரம் பின்னிக்கொண்டிருந்தாள். பாதி முடிந்திருந்தது.

வீட்டுக்குப் போய் மோர் குடித்தேன். படுக்கவில்லை. பெட்டியைத் திறந்து சட்டப் பாடத்தின் நோட்டை எடுத்தேன்.

அந்த வருடம்தான் திருச்சபைச் சட்டம் நடத்திய சாமியார், பாதி வகுப்பு தூங்கி வழிந்த ஒரு மதியத்தில், குருப்பட்டத்துக்குத் தடையானவை என்று ஒரு பட்டியலை லத்தீனில் படித்துக்கொண்டு போனார். முறையாகப் பிறக்காதவன். கை கண் ஊனமானவன். மரண தண்டனைக்குத் தீர்ப்பு எழுதிய நீதிபதி. தூக்குப் போடுகிறவன். விழும் வியாதி உள்ளவன், அல்லது எப்போதாவது இருந்தவன். தூக்குப் போடுகிறவன் பெயர் வந்ததும் எங்கள் சமையல்காரர் கோழிக் கழுத்தைத் திருகுவதைப் பற்றி ஒருவன் ஏதோ சொல்ல, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மற்றதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது, எனக்கு நல்ல மார்க் கிடைத்தது.

நோட்டில் என் கையெழுத்து அழகாக இருந்தது. ‘அல்லது எப்போதாவது இருந்தவன்’ என்ற இடத்தில் அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன்.

அன்று மதியம் அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டேன். "சின்ன வயசுல எனக்கு ஏதாச்சும் பெருசா ஒடம்புக்கு வந்துச்சாம்மா?"

அவள் ஊசியை நிறுத்தவில்லை. "ஒனக்கா? அம்மை போட்டுச்சு. வேறென்ன. ஏன், இப்ப ஒடம்புக்கு என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன்."

"சும்மா யாரும் இதக் கேக்க மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் புத்தகத்தைப் பார்த்தேன். அவள் மறுபடி பின்னத் தொடங்கினாள்.

விடுமுறையில் இன்னும் மூன்று வாரம் இருந்தது.  காலையில் பல் விளக்கும்போது நாக்கை மேலண்ணத்தில் வைத்துச் சுவை பார்ப்பேன். செம்பு வருகிறதா? குளத்துப் படியில் இறங்கமாட்டேன். கடற்கரைக்குப் போனால் அலை தொடாத மணலிலேயே நிற்பேன். பூசையில் மணி அடிக்க முழங்காலில் இருக்கும்போது, இதோ இப்போது, இதோ இப்போது என்று மனசு அடித்துக்கொள்ளும். வாயில் எந்தச் சுவையும் வராது. வராமலிருப்பது இன்னும் பயமாக இருந்தது.

அதைவிடப் பெரிய பயம் சாமியார். மனிதர் வாயே திறக்கவில்லை. வழக்கம்போல உடுப்பு மாட்டினார், பூசை வைத்தார், முடிந்ததும் என்னோடு காப்பி குடித்தார். மண்டபத்தூரில் ஒரு வலைக்காரர் வீட்டு நாய் தன் அங்கியைக் கடித்த கதையைச் சொன்னார். பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டால் ஊர் என்ன ஆகும் என்று எல்லோரும் பேசியதையே அவரும் பேசினார். அந்தக் காலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. நானாகப் பேச்சை எடுக்கட்டும் என்று விட்டாரா, மறந்தே போனாரா, முடிவு கட்டிவிட்டாரா, ஒன்றும் தெரியவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்தால் அது உண்மை ஆகிவிடும் என்று ஒரு முட்டாள்தனமான எண்ணம்.

நான் இப்படிப் பயந்ததற்குக் காரணம் விடுமுறைக் கடிதம். எங்கள் குருமடத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. விடுமுறை முடிந்து திரும்பும் ஒவ்வொரு மாணவனும் தன் பங்குச் சாமியாரிடமிருந்து ஒரு கடிதம் கொண்டுபோக வேண்டும். அவனைப் பற்றி, என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாமல், அதிபர் சாமிக்கு எழுதும் கடிதம். லத்தீனில் இருக்கும். அரக்கு வைத்து முத்திரை குத்தியிருக்கும். தன் தீர்ப்பைத் தானே சுமந்துகொண்டு போய், வந்து சேர்ந்த அன்றே அதிபர் கையில் கொடுக்க வேண்டும். முத்திரை உடைந்திருந்தால் அடுத்த ரயிலில் வீட்டுக்குத் திரும்பலாம். எனக்கு முந்திய வருடத்து மாணவன் ஒருவன் அரக்கைச் சூடு காட்டிப் பிரித்து, திரும்ப ஒட்டிக் கொண்டுவந்தான். அவனை நாங்கள் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சாமியார் என் கண் முன்னாலேயே கடிதத்தை மடித்து உறையில் போட்டார். ஒரே ஒரு தாள். மெழுகுவத்தியில் சிவப்பு அரக்கை உருக்கிச் சொட்டவிட்டு, மோதிர முத்திரையை அழுத்தினார். அரக்கு இறுகிய பிறகும் கையை எடுக்கவில்லை. 

"பத்திரமா கொண்டுபோங்க," என்றார்.

"சாமி..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல சாமி. தோத்திரம்."

அவர் என் நெற்றியில் சிலுவை போட்டார். வழக்கத்தைவிட அழுத்திப் போட்டதாக எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை பஸ். அம்மா கண்ணைத் துடைத்தபடி நின்றாள். அங்கியின் உட்பைக்குள் கடிதம் இருந்தது. ஊரைத் தாண்டி, திருமலைராயன்பட்டினமும் தாண்டியது பஸ். இடது பக்கம் பட்டினச்சேரிக்குப் போகிற வழியில் கருவாட்டுக் கூடைகளோடு பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் என் வழக்கை நடத்திக்கொண்டிருந்தேன். நான் படித்த படிப்பு அத்தனையும் எனக்கு வக்கீலாக வந்து நின்றது. சந்தேகமான சட்டம் மனச்சாட்சியைக் கட்டாது என்று நீதிநெறி வகுப்பில் படித்திருந்தேன். ஒருமுறை விழுந்தால் அது வியாதியா? வெறும் வயிற்றோடு வெயில் காலத்தில் யாருக்குத்தான் மயக்கம் வராது? வைத்தியர் பார்த்தாரா? இல்லை. அப்படியானால் சந்தேகம். சந்தேகமானால் சொல்லத் தேவையில்லை. ஊர்ச் சந்தையில் ஒருவனும் இந்த மாதிரி நியாயம் பேச மாட்டான். இதற்கு ஆறு வருடம் குருமடத்தில் சோறு தின்றிருக்க வேண்டும்.

இவ்வளவும் ஆனபின் முடிவெடுத்தேன். சாமியார் எழுதியிருந்தால் என் தலையெழுத்து. எழுதாமலிருந்தால் நானாக வாய் திறப்பதில்லை. அதிபர் சாமி, விடுமுறை எப்படி என்று கேட்பார். ‘நல்லபடியா போச்சு சாமி’ என்று சொல்ல வேண்டும். அதை உதட்டுக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டேன். இதை இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்தது எல்லாம் இதைப் பொறுத்தது. வாஞ்சூர் வருவதற்கு முன்பே நான் சொல்வதில்லை என்று தீர்மானித்துவிட்டேன்.

வாஞ்சூர் எல்லை. அதுவரை பிரெஞ்சு மண், அதற்கு அப்பால் இந்தியா. காரைக்காலுக்கு மூன்று பக்கமும் இந்தியாதான், ஒரு பக்கம் கடல். எல்லை தாண்டியதும் கீற்றுக் கொட்டகை போட்டு இந்தியச் சுங்கக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து வெளிநாட்டுக் கடிகாரம், பவுன், சாராயம் எல்லாம் கடத்திப் போகிறவர்கள் உண்டு. அதனால் கைக்குழந்தையின் தொட்டில் துணியைக்கூட உதறிப் பார்ப்பார்கள். ஆனால் அங்கி போட்ட குருமாணவனை இதற்கு முன் ஒருமுறையும் சோதித்ததில்லை. ‘போங்க சாமி’ என்று கையைக் காட்டிவிடுவார்கள்.

அன்று இருந்தவர் புதியவர். காக்கிச் சட்டை, கண்ணாடி, கையில் பேனாக்கத்தி. என் பெட்டியைக் கிளறினார். பிறகு உட்பையில் என்ன என்றார். கடிதத்தை எடுத்துக் காட்டினேன். அவர் பார்த்தது கடிதத்தை அல்ல, அரக்கை.

"என்ன இவ்வளவு தடியா இருக்கு?"

"முத்திரை சார். எங்க சாமியார் வெச்சது. உடைக்கக் கூடாது."

"போன வாரம்தான் ஒருத்தன் அரக்குக்குள்ள பவுன் காசு வெச்சு ஒட்டிக்கிட்டு வந்தான். அவனும் உடைக்கக் கூடாதுன்னுதான் சொன்னான்."

எனக்குப் பின்னால் துணி மூட்டையோடு ஒரு வயதான மரைக்காயர் நின்றிருந்தார். நாகூரில் மகள் வீட்டுக்குப் போகிறவர் என்று பஸ்ஸிலேயே சொல்லியிருந்தார். "சாமியாருக்குப் படிக்கிற புள்ள சார். அந்தக் கடுதாசில ஹராமா என்ன இருந்துடப் போவுது? விட்டுடுங்க," என்றார்.

அதற்குள் கத்தி இறங்கிவிட்டது. சிவப்புத் துண்டுகள் மேசையில் சிதறின. அவர் ஒவ்வொன்றையும் நகத்தால் நசுக்கிப் பார்த்தார். பவுன் இல்லை. நான் அந்தத் துண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த ரயில், வீடு, அம்மாவின் பாதி பின்னிய ஓரம் எல்லாம் கண்ணில் வந்தன.

அவர் தாளை விரித்தார். "என்ன பாஷை இது? பிரெஞ்சா?"

அந்த நாட்களில் எங்கள் ஊரிலிருந்து பிரெஞ்சில் ஒரு தாள் எல்லை தாண்டினால் அது அரசியல். "இல்ல சார். லத்தீன்."

"அது யாரு பேசுறது?"

"இப்ப யாரும் பேசுறதில்ல சார்."

"யாரும் பேசாத பாஷையில எதுக்கு எழுதுறாரு?"

மரைக்காயர் சிரித்துவிட்டார். அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. தாளை என் பக்கம் நீட்டினார். "படிங்க. ஒரு வரி படிச்சு, அதுக்குத் தமிழ்ல சொல்லுங்க. முடியாதுன்னா தாள் இங்க இருக்கட்டும். மேலிடத்துக்கு அனுப்பிப் பாத்துட்டு அப்புறம் தருவோம்."

மேலிடத்தில் லத்தீன் தெரிந்தவர் ஒருவர் கிடைத்து அதைப் படித்துக் காட்டினால்? அல்லது கடிதமே இல்லாமல் அதிபர் முன்னால் போய் நின்றால்? வாங்கினேன். படித்தேன்.

முதல் வரி வணக்கம். அதைச் சரியாகவே சொன்னேன்.

இரண்டாவது வரி, இந்த மாணவர் பூசைக்கு முன் கோயில் பின்னறையில் விழுந்து வலிப்பு கண்டார், நான் கண்ணால் பார்த்தேன் என்று இருந்தது. நான் லத்தீனைச் சத்தமாகப் படித்துவிட்டு, "இந்த மாணவர் தினமும் காலையில பூசைக்கு வந்தார்னு எழுதியிருக்கார்," என்றேன். வரிசையில் இருபது பேர் நின்றார்கள். அவர்கள் நடுவில் ‘வலிப்பு’ என்ற சொல்லை என் வாயால் சொல்ல முடியவில்லை. முதல் பொய் அப்படித்தான் வெட்கத்தால் வந்தது.

அடுத்த வரிகளைக் கண்ணால் மட்டும் படித்தேன்; சாமியார் எழுதியிருந்தது இதுதான். இதைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் பேசவில்லை, உங்களுக்கு எழுதுவேன் என்றும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்கும் முன், நீங்கள் கேட்காமலேயே, அவர் தானாக உங்களிடம் சொன்னால், ரோமாபுரிக்கு எழுதி அவருக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு வாங்கித் தாருங்கள், அவருக்காக நான் என் பெயரைப் பணயம் வைக்கிறேன். அவர் சொல்லாமல் மறைத்தால், அன்பாகப் பேசி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், விழுந்ததற்காக அல்ல, மறைத்ததற்காக.

"என்ன? ஏன் நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்ல சார். நல்ல குணம், கீழ்ப்படிதல் உள்ளவர்னு எழுதியிருக்கார். இவருக்காக நான் உத்தரவாதம்னு சொல்றார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

"நான்தான் சொன்னேனே," என்றார் மரைக்காயர், தன் சொந்தப் பிள்ளைக்கு நற்சான்று கிடைத்தது போன்ற சந்தோஷத்தில். "சாமியாரு நல்ல புள்ளைன்னு எழுதிக் குடுத்திருக்காரு. போய் நல்லா படிங்க தம்பி."

அதிகாரி உறையின் மேல் ரப்பர் முத்திரை குத்தி, சோதிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவருக்கு என் மேல் கோபம் எதுவும் இல்லை. கடைசியில், "பூசையில எங்களையும் நினைச்சுக்கங்க சாமி," என்றுகூடச் சொன்னார்.

அதற்குப் பிறகு இரண்டு ரயில் மாற வேண்டியிருந்தது. ஒரு பகலும் மறுநாள் பாதியும் உட்கார்ந்தே போனேன். எதிரே இருந்த குடும்பம் புளிசாதம் கொடுத்தது, வாங்கித் தின்றேன். நாக்கில் செம்பு வந்துகொண்டே இருந்தது. விழவில்லை. பயத்துக்கும் அதே சுவைதான் போலிருக்கிறது, அல்லது வியாதிக்கும் பயத்துக்கும் வித்தியாசம் எனக்கு அன்றோடு தெரியாமல் போய்விட்டது.

இப்போது எனக்கு வழி திறந்திருந்தது, அதுதான் கொடுமை. சொன்னால் குருப்பட்டம், சொல்லாவிட்டால் வீடு. உண்மையைச் சொல்லுவதற்கு இனி எந்தத் துணிச்சலும் தேவையில்லை. பதில் தெரிந்த பரீட்சைக்குப் போகிறவனுக்கு என்ன பயம்?  கடிதத்தைப் படித்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு ஸ்டேஷனில் நினைத்தேன். அடுத்த ஸ்டேஷனில் அம்மாவின் ஊசி நினைவுக்கு வந்தது. அப்படியே குருமடத்து ஊர் வந்துவிட்டது.

அதிபர் சாமி தமிழர். ஒல்லியான மனிதர். உட்கார்ந்து பேசும் வழக்கமில்லை. சாயங்கால மணி அடிப்பதற்குச் சற்று முன் அவர் அறைக்குப் போனேன். உறையை வாங்கிப் புரட்டினார்.

"இது என்ன?"

"வாஞ்சூர்ச் சுங்கத்துல உடைச்சிட்டாங்க சாமி. அரக்குக்குள்ள பவுன் இருக்கான்னு பாத்தாங்க."

ரப்பர் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த எல்லைக்காரங்க தொல்லை எப்ப ஓயுமோ. தாளை விரிச்சானா?"

"விரிச்சுப் பாத்துட்டு மடிச்சுக் குடுத்துட்டார் சாமி."

"நீ படிச்சியா?"

மேசைமேல் சிலுவை இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தேன் என்று நன்றாக நினைவிருக்கிறது.

"இல்ல சாமி."

அவர் நம்பினார். நம்பாமலிருக்க அவருக்குக் காரணம் இல்லை. ஒன்பது வருடமாக என்னைத் தெரியும், சின்னக் குருமடத்தில் எனக்கு இலக்கணம் நடத்தியவர். தாளை வெளியே எடுக்க விரலை விட்டார். நான் சொன்னேன்.

"சாமி, அதைப் படிக்கிறதுக்கு முந்தி நான் ஒண்ணு சொல்லணும்."

விரல் நின்றது. சொன்னேன். பின்னறை, செம்புச் சுவை, கையில் இருந்த சாவிக்கொத்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பொய் அழுகை இல்லை, நெஞ்சிலிருந்துதான் வந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது. நடிக்கிறவனுக்கு அவ்வளவு நிஜமாக அழுகை வரக் கூடாது.

அவர் உறையிலிருந்து தாளை எடுத்தார். ஜன்னல் பக்கம் போய்க் கடிதத்தைப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் படித்தார். திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது. அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"உன்னை உங்க சாமியார் சரியா எடைபோட்டிருக்கார்," என்றார். "போ. முகத்தைக் கழுவிட்டுச் சாப்பிடப் போ."

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். ஒரு வருடம் கூடுதலாகக் காத்திருக்க வைத்தார்கள், திரும்ப விழவில்லை. ஆண்டவர் என்று நாங்கள் சொல்லும் பிஷப் ரோமாபுரிக்கு எழுதினார், விலக்கு வந்தது. ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. முதல் வருடம் நான் பூசை வைக்கும்போதெல்லாம் பக்கத்தில் இன்னொரு சாமியார் நிற்க வேண்டும், நடுவில் நான் விழுந்தால் பூசையை அவர் முடிக்க வேண்டும். வகுப்பில் என்னை உதாரணமாகக் காட்டினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். உண்மை சொன்ன மாணவன் என்று பேர் சொல்லாமல் சொல்வார்களாம்.

பாவசங்கீர்த்தனத்தில் இதை நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். ஒவ்வொருவரும் மன்னித்தார்கள். குருப்பட்டம் செல்லும், கவலைப்படாதீர்கள் என்று சட்டம் தெரிந்த ஒருவர் விளக்கியும் சொன்னார். எனக்கும் அந்தச் சட்டம் தெரியும். செல்லும்தான். ஆனாலும் ஒவ்வொரு காலையும் பூசையில் இரசப் பாத்திரத்தை உதட்டில் வைக்கும்போது உலோகத்தின் சுவை நாக்கில் படும். இது பாத்திரமா, மற்றதா என்று ஒரு நொடி நின்று பார்ப்பேன். இத்தனை வருடத்தில் ஒரு காலைகூட அந்த நொடி தப்பியதில்லை.

முதல் பூசை காரைக்காலில், எங்கள் கோயிலிலேயே. அதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள். பஸ்ஸில் வரும்போது பார்த்தேன். வாஞ்சூர் எல்லையில் சுங்கக் கொட்டகையின் கால்கள் மட்டும் நின்றன. கீற்றை யாரோ பிரித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

அம்மா அந்த ஓரத்தை முடித்திருந்தாள். நான் அதைப் போட்டிருந்தேன். நிபந்தனைப்படி என் பக்கத்தில் நின்றவர் எங்கள் பங்குச் சாமியார். ரொம்பத் தளர்ந்துபோயிருந்தார். நான் பீடத்தில் குனியும்போதெல்லாம் அவர் அரை அடி கிட்ட வருவார். அப்போது அவர் அங்கிப் பைக்குள் லேசாக ஒரு சத்தம் கேட்கும். முதலில் என்ன என்று தெரியவில்லை. பாத்திரத்தை உயர்த்தும் நேரம் கோயிலே அமைதியாக இருந்தபோது புரிந்தது. சாவிக்கொத்தைக் கொண்டுவந்திருந்தார்.

பூசை முடிந்ததும் புதுச் சாமியாரின் உள்ளங்கையை முத்தமிட ஊரே வரிசையில் வரும். அது எங்கள் வழக்கம். எண்ணெய் பூசி அர்ச்சித்த கை அல்லவா. வரிசையில் முதலில் வந்தவர் அவர்தான். கிராதிக்கு முன்னால் முழங்காலில் இறங்க அவருக்கு நேரம் பிடித்தது. என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து, ஒன்றன்பின் ஒன்றாக முத்தமிட்டார். பிறகு விடாமல் பிடித்தபடியே மேலே பார்த்தார்.

"அதிபர் சாமி எனக்கு எழுதியிருந்தார். கேக்குறதுக்கு முந்தியே நீங்களா சொன்னீங்களாமே," என்றார். "கடுதாசிய உங்க கையில குடுத்துட்டு எத்தன நாளு சோறு எறங்கல தெரியுமா எனக்கு? சொல்லிடுவீங்கன்னு தெரியும். இருந்தாலும் பயந்துட்டேன். நீங்களாதானே சொன்னீங்க?"

அவருக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் வாசல் வரை ஆட்கள்.

"ஆமா சாமி," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே எழுந்தார்.